நூற்றெட்டு முறை கழுவிய நெய்

என் கணவருக்குத் தங்கையாகப் பிறந்து எனக்குத் தோழியாக வாழ்ந்த பூங்காவனத்துக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீ புறப்பட்டது ஆடியில். இப்போது மாசி பாதி கடந்துவிட்டது. கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டு முடியும் தறுவாயில் இருக்கிறது. மலைப்பக்கமிருந்து இறங்கும் காற்றில் ஈரம் என்பதே இல்லை. காலையில் முகத்தைக் கழுவித் துடைத்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. இந்தக் காற்று வீசத் தொடங்கினால் நீ செப்புத் தாம்பாளத்தைப் புளி போட்டு விளக்கி வெயிலில் கவிழ்ப்பாய். இந்த ஆண்டு அதை விளக்கியவள் நான்.

நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. நீ இருக்குமிடத்தில் நலத்துக்குக் குறைவில்லை என்று நான் ஓதிய நூல்கள் எல்லாம் சொல்கின்றன, அவற்றை நம்புகிறேன். ஆகவே இங்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

தை கடைசியில் ஒரு காலை, தெருக்கோடி அஞ்சலை வந்து நின்றாள். கரும்பு வெட்டப் போகிறவர்களில் நீ முதன்முதலாக மருந்து பூசியது அவள் கையில்தானே. கொடுவாளைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"டீச்சரம்மா, பூங்காவனம்மா செஞ்ச லோஷனு ஒரு சொட்டாச்சும் மீதி கீதுங்களா?"

"அது இருந்தாலும் இந்நேரம் கெட்டுப்போயிருக்கும் அஞ்சலை. கை ரொம்ப வெடிச்சிருக்கா?"

"வெடிச்சது கெடக்குதுங்க. ரேஷன் கடயில வெரல வெச்சா, மெஷினு நான் நான் இல்லேங்குது. மூணு வாட்டி வெச்சுப் பாத்தாச்சு. இந்த பிப்ரவரி மாசம் முடியறதுக்குள்ள ரேகை பதியலன்னா அட்டையில பேரு நிக்காதுன்னு பேசிக்கிறாங்க. எனக்கு ஒத்த ஆளு அட்ட. எனக்குப் பதிலா யாரு வந்து வெரல வெப்பாங்க?"

கையை நீட்டினாள். கரும்புத் தோகை அறுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. அவற்றுக்கிடையே ஆண்டவன் எழுதிய கோடு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. நான் முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்தவள். பெண்ணின் விரலைக் காந்தள் மலருக்கு ஒப்பிடும் பாடல்களை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருப்பேன். ஒருமுறை வீட்டில் நான் அப்படி ஒரு பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நீ கீரையை ஆய்ந்தபடியே கேட்டாய்: "காந்தள் மாதிரி வெரலாமே, அந்தம்மா இன்னா வேல செஞ்சாங்களாம் அண்ணி?" அப்போது சிரித்துவிட்டு நகர்ந்தேன்.

அஞ்சலையின் கைக்காக நீ பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். முதலில் கடையில் லோஷன் புட்டி வாங்கிக் கொடுத்தாய். அது வெடிப்பில் பட்டதும் அவள் துள்ளினாள். "வாசன நல்லா கீதுங்க, ஆனா மொளகா அரச்சுப் பூசினாப்போல கீது" என்றாள். பிறகு தேங்காயெண்ணெயையும் சோற்றுக்கற்றாழைச் சோற்றையும் சேர்த்து அடித்து வைத்தாய். மறுநாள் பார்த்தால் எண்ணெய் மேலே, நீர் கீழே. புட்டியைக் குலுக்கிக் குலுக்கி, "ரெண்டும் பேசிக்கவே மாட்டேங்குது அண்ணி, பங்காளிங்க மாதிரி" என்றாய்.

அப்போதுதான் நான், பெருமைக்காகத்தான், ஒரு செய்தி சொன்னேன். நெய்யைச் செப்புப் பாத்திரத்தில் இட்டு, குளிர்ந்த நீர் விட்டுத் தேய்த்து, நீரை வடித்து, மீண்டும் நீர் விட்டு, இப்படி நூறு முறை கழுவினால் அது வெண்ணிறமாகிக் காயத்துக்கும் வறட்சிக்கும் மருந்தாகும் என்று பழைய மருத்துவ நூலொன்றில் படித்திருந்தேன். படித்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன. அது எனக்கு நினைவில் வைத்துக்கொள்ள ஒரு செய்தி. செய்து பார்க்க வேண்டிய செயல் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நீ ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய்.

வீட்டில் இருந்த பசுநெய், வெள்ளிமலையிலிருந்து சந்தைக்கு வரும் அம்மாளிடம் கோயில் விளக்குக்கென்று நான் வாங்கி வைத்தது. அதில் பாதியைக் கேட்டாய். சாமிக்கு வைத்ததைத் தொடாதே என்றேன். நீ கோபப்படவில்லை. "சாமிக்கு நாலு நாளைக்கி ஒரு திரி கம்மியா ஏத்துங்க அண்ணி. கோவிச்சுக்கினாருன்னா எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்" என்றாய். அவர் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் ஏதேனும் சொன்னாரா?

வெளுத்த நெய்யோடு கற்றாழைச் சோற்றைக் கலந்து பூசினாய். இருபது நாளில் அஞ்சலையின் வெடிப்புகள் மூடின. அந்த ஆண்டு இயந்திரம் அவள் விரலை முதல் முறையிலேயே ஏற்றுக்கொண்டது என்று ஓடி வந்து சொன்னாள். அதன் பிறகு கரும்புக் காலம் முழுவதும் நம் வீட்டில் செப்புத் தாம்பாளம் ஓயவில்லை. நான் சொல்லால் அறிந்திருந்ததை நீ கையால் அறிந்தாய். எது அறிவு என்று இப்போது என்னைக் கேட்டால், தயக்கமின்றி உன் பக்கம் கை நீட்டுவேன்.

ஆனால் நீ செய்வதை நான் ஒருமுறையும் முழுதாக உட்கார்ந்து பார்த்ததில்லை. நீ தாம்பாளத்தின் முன் அமரும் காலை நேரத்தில் நான் கோயிலில் இருப்பேன். நூறைக் கையால் எண்ணினால் நடுவில் மறந்துபோகிறது என்று என் நூற்றெட்டுப் போற்றிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாய். ஒரு கழுவலுக்கு ஒரு பெயர். "எண்ணிக்க தப்பும் அண்ணி, சாமி பேரு தப்பாது பாருங்க" என்பாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இது போதும் என்று நினைத்து, அஞ்சலையிடம் மூன்று நாளில் வரச் சொன்னேன்.

நெய் எடுத்தேன். பானையில் குளிர்ந்த நீர் எடுத்தேன். சிறு செப்புச் சொம்பின் அடியால் தேய்த்தேன். புத்தகம் எனக்கு எதற்கு? நூற்றெட்டும் மனப்பாடம். ஒரு பெயர், ஒரு கழுவல். ஒரு பெயர், ஒரு கழுவல். நாவு தடையின்றி ஓடியது. இரண்டாம் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். உனக்கு அரை நாள் ஆகும் வேலையை இவ்வளவு விரைவில் முடித்தேனே என்று உள்ளுக்குள் ஒரு நிறைவுகூட எழுந்தது. மறைக்க என்ன இருக்கிறது உன்னிடம்?

அதில் வந்தது லோஷன் அல்ல. மஞ்சள் நிறம் மாறவில்லை. திரி திரியாக நின்றது. கற்றாழைச் சோற்றைச் சேர்த்ததும் நீர் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் சேர்ந்துகொள்ளும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு அஞ்சலைக்குக் கொடுத்தனுப்பினேன். இரண்டாம் நாளே திரும்பி வந்தாள்.

"டீச்சரம்மா, தப்பா நெனக்காதீங்க. இத தோசைக்கு ஊத்திக்கலாம். எறும்புங்க என்னக் கண்டா வுடமாட்டேங்குது, தோட்டம் வரிக்கும் தொரத்திக்கினு வருது."

"நூற்றெட்டு முறை கழுவினேன் அஞ்சலை. ஒன்றுகூடக் குறையவில்லை."

"கழுவியிருப்பீங்க. நீங்க எத்தினி நேரம் கழுவினீங்க?"

சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடங்கொப்புரான. பூங்காவனம்மா ஒரு பேரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் வெத்தல போட்டு மென்னு துப்பிட்டு வந்துடுவேன். அந்தம்மா ஒரு ஒரு எழுத்தா கூட்டிக்கினு இருப்பாங்க. கையி பாட்டுக்கு சுத்திக்கினே இருக்கும். பேரு முடிஞ்சாத்தான் தண்ணி மாத்துவாங்க. நீங்க படிச்சவங்க, வேகமா படிச்சிட்டீங்க."

அவள் போன பிறகு, உன் பெட்டியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துத் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நெய்க் கறை. எழுத்தை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள நீ கட்டைவிரலை ஊன்றிய இடம். சில கறைகளில் ரேகைகூடத் தெளிவாகத் தெரிகிறது. நீண்ட பெயர்களின் கீழே ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன, அங்கெல்லாம் திணறியிருக்கிறாய். அங்கெல்லாம் நெய் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நீ. கோயிலில் எல்லோரும் சேர்ந்து போற்றி சொல்லும்போது, நீ பின்தங்கி நடுவில் தனியாக ஒலிப்பாய். எனக்கு அது கூச்சமாக இருக்கும். ஒரு பிரதோஷத்தன்று உன் கையிலிருந்து புத்தகத்தை நான் வாங்கி மூடியது உனக்கு நினைவிருக்கிறதா? "நீ படித்து முடிப்பதற்குள் பூசையே முடிந்துவிடும்" என்றேன். பத்துப் பேர் கேட்கத்தான் சொன்னேன். நீ அன்றும் சிரித்தாய். "நான் மெதுவா வரேன் அண்ணி. நீங்க முன்னாடி போயி சாமிகிட்ட எடம் புடிச்சி வையுங்க."

ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது என்றேனே, அது இதுதான். நான் குறை என்று எண்ணி வெட்கப்பட்ட உன் வாசிப்புதான் நெய்யை வெளுக்கச் செய்தது. என் நாவு பெயர்களின் மேல் நீர்ப்பூச்சிபோல் ஓடியிருக்கிறது. நீ ஒவ்வொரு பெயருக்குள்ளும் இறங்கி நின்றிருக்கிறாய். எழுபது ஆண்டு ஓதியவளைவிட எழுத்துக் கூட்டியவளிடம் இறைவன் அதிக நேரம் இருந்திருப்பான் அல்லவா?

மறுநாள் நான் கோயிலுக்குப் போகவில்லை. தாம்பாளத்தின் முன் அமர்ந்து, புத்தகத்தைத் திறந்து வைத்து, எனக்குத் தெரியாத பெயர்போல் முதல் எழுத்திலிருந்து கூட்டினேன். எளிதாக இல்லை பூங்காவனம். நாவு முந்திக்கொண்டே இருந்தது. உன் கறையின் மேல் விரலை வைத்து அதைத் தடுத்தேன். முப்பதாவது பெயர் வரைக்கும் நெய் மஞ்சளாகவே கிடந்தது. ஐம்பதைத் தாண்டியபோது நீர் பால்போல் வடிந்தது. எண்பதுக்கு மேல் நெய்யின் மணம் விலகிவிட்டது. சொம்பின் அடியில் அது வெண்ணெயாக எழும்பியது. நூற்றெட்டு முடிந்தபோது தெருவில் மதியச் சோற்றுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. கற்றாழைச் சோற்றை வடிகட்டிச் சேர்த்தேன். நீர் கசியவில்லை. தும்பைப்பூவின் வெண்மை. புறங்கையில் ஒரு துளி வைத்தேன். பூசினேன் என்று சொல்வதற்குள் தோலுக்குள் போய்விட்டது.

அஞ்சலை ஒன்பது நாள் பூசினாள். வேலை முடிந்து கை கழுவியதும் பூசி, உன் அண்ணனின் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். வெட்டும்போதும் துணி சுற்றிக்கொண்டே வெட்டினாள். ஒரு கண்ணாடிப் புட்டி நான்கு நாளைக்குத்தான் தாங்கும் என்பதால் மேலும் இரண்டு முறை செய்தேன். மூன்றாம் முறை நாவு தானாகவே நின்று நின்று நடந்தது.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் நானும் அவளோடு ரேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். அவரே ஒரு துணியால் இயந்திரத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "அவசரமில்லம்மா, அழுத்தாம வைங்க" என்றார். ஆள்காட்டி விரலை வைத்தாள், இல்லை என்றது. நடுவிரல், இல்லை. அஞ்சலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் முன் நான் கற்றது ஒன்றும் உதவிக்கு வரவில்லை. நான் சொன்னது ஒன்றே: "கட்டைவிரலை வை. மெதுவாக வை."

வைத்தாள். இயந்திரம் சிறிது நேரம் யோசித்தது. பிறகு சீட்டு வெளியே வந்தது.

அவள் அதை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்களை நோக்கி, "நான்தானாம். ஒத்துக்கினிச்சி" என்றாள். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், "எங்க பூங்காவனம்மா இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க தெரியுங்களா? 'மெஷினுக்கும் படிக்க லேட்டாவுது பாருடி'ன்னு இருப்பாங்க" என்றாள். நாங்கள் இருவரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டுதான் வீடு வந்தோம்.

இப்போது வடக்கனந்தலிலிருந்தும் இரண்டு பெண்கள் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். தாம்பாளம் காய்ந்துகொண்டிருக்கிறது. விளக்கில் ஒரு திரி குறைவாகத்தான் எரிகிறது. புத்தகத்தில் உன் ரேகைக்குப் பக்கத்தில் என் ரேகையும் இப்போது விழுந்திருக்கிறது. எது யாருடையது என்று சில பக்கங்களில் எனக்கே தெரியவில்லை.

இந்தக் காற்று வீசும் மட்டும், என் தோளில் வலு இருக்கும் மட்டும், அஞ்சலையின் கை வெடிக்க விடமாட்டேன். எந்தப் பெயரையும் இனி ஓடிக் கடக்கமாட்டேன். கோயிலில் யாரேனும் பின்தங்கி வாசித்தால், அவர்கள் முடிக்கும்வரை நானும் அவர்களோடு நிற்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மெதுவாக வருகிறேன் என்று சொன்ன நீ முன்னே போய்விட்டாய். பரவாயில்லை. இப்போது மெதுவாக வருபவள் நான்.

எனக்கொரு இடம் பிடித்து வை.

எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அண்ணி