பூனைகளுக்காக ஏலம் போன வஞ்சிரம்

தையல் மிஷினுக்கு அடியில் கை விட்டு இன்று காலை அந்த உறையை இழுத்தேன். பூனைக் கூண்டின் மேல் போர்த்துகிற உறை. பச்சையில் மஞ்சள் பூப் போட்ட உன் பழைய நைட்டியைப் பிரித்துத் தைத்தது. எத்தனை முறை அலசினாலும் போகாத மீன் வாடையும் பினாயில் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அதற்கும் அடியில், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, உன் வெற்றிலை வாடை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. அழுதால் நீ திட்டுவாய். வாசலில் கூண்டு ஏற்றும் பாயின் ஆட்டோ வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த நைட்டியை நீ கொண்டுவந்து போட்ட நாளில், இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, கிழித்துத் தைக்கவா என்று கேட்டேன். "நல்ல துணியாவே இருக்கட்டும் டைலரு. கூண்டுல மாட்னது பயந்துகினு கீது. இருட்டாயிட்டா கம்முனு குந்திக்கும்" என்றாய். ஊரெல்லாம் உன் தொண்டைக்குப் பயப்படும். பூனை பயப்படக் கூடாது என்று மட்டும் உனக்கு அவ்வளவு கவலை.

நம் சிநேகிதமே சண்டையில்தான் தொடங்கியது. நீ காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவள், நான் ராயபுரத்தில் ரவிக்கை தைக்கிறவள். கையைத் தூக்கித் தூக்கிக் கூவுகிற உனக்கு அக்குளில் தையல் விட்டுப்போகும். கிழிந்த ரவிக்கையோடு வந்து என் நூல் சரியில்லை என்பாய், உன் கைதான் சரியில்லை என்பேன். கடைசியில் அக்குளுக்குக் கீழே ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு தையல் விடவில்லை. ஆனாலும் நீ வருவதை நிறுத்தவில்லை. சண்டைக்குத்தான் வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

காரணம் பூனை உருவத்தில் வந்தது. துறைமுகத்தில் பூனைகள் பெருத்துப்போய்விட்டன, கூடையைக் கிழிக்கின்றன, வாங்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று சங்கத் தலைவர் கூட்டம் போட்டார். சாக்கில் பிடித்துக் கட்டிக் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் விட்டுவிடுவது என்று முடிவு. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். நீ எழுந்தாய்.

"அங்க வுட்டா இதுங்க சாவும். காலியான எடத்துக்கு நாளைக்கே வேற பூனைங்க வரும். எத்தினி சாக்கு வெச்சிகினு கீற தலைவரே?"

சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்கிறேன், ஒரு வருசம் சாக்கைத் தொடாதே என்று வாக்குக் கேட்டாய். உன் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல் தலைவர் சரி என்றார். உன்னால் முடியாது என்று நினைத்திருப்பார். உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உண்டியல் டப்பாவோடு நாம் இருவரும் துறைமுகம் முழுக்கச் சுற்றினோமே, நினைவிருக்கிறதா? மனுசனுக்கே மருந்து வாங்க வழியில்லை, பூனைக்கு ஆபரேஷனா என்றார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். உன் பக்கத்தில் கூடை வைத்து, தினம் ஒரு சண்டை போடுவாளே அந்த இறால்காரி, அவள்தான் பாவக் கதையை ஆரம்பித்தாள். வாயில்லா ஜீவனின் வம்சத்தை அறுக்கிற பாவம் ஏழு தலைமுறைக்கு விடாது என்றாள். உடனே ஆண்கள் எல்லாரும் சாஸ்திரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நீ டப்பாவைக் கீழே வைத்தாய்.

"மூணாவது பெத்த கையோட எனக்கு அறுத்தாங்க. அப்போ எவனாச்சும் பாவம்னு வந்து நின்னானா? என் வூட்டுக்காரன் கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் பூட்டான். பூனைன்னா மட்டும் பாவம் வந்துடுமா?"

சாஸ்திரம் பேசியவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு நழுவினார்கள். இறால்காரி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, வேறென்னவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டப்பாவில் அன்றும் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் நீ டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டாய். கை ஏந்தினால் கொடுக்க மாட்டான், போட்டி வைத்தால் கொடுப்பான் என்றாய். அம்மன் திருவிழாவில் அம்மன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்களே, பழத்தின் விலையையா யாரும் பார்க்கிறார்கள்? அதைப் போல ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்ததும், உன் கமிஷனில் வாங்கிய ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பிடித்துக் கூவினாய். பூனைப் பங்கு என்று அதற்குப் பெயரும் வைத்தாய். எடுத்தவன் பணத்தைக் கொடுத்துவிட்டு மீனைத் திரும்பக் கூடையில் போட வேண்டும். அடுத்தவன் எடுப்பான், அவனும் போட வேண்டும். ஒரே மீன் ஒரு காலைக்குள் ஊரையே சுற்றி வந்தது. தூக்கிக்கொண்டு போகிறவன் கஞ்சன் என்று நீ ஒரே ஒரு சட்டம்தான் போட்டாய். அதை மீற எந்த ஆணுக்குத் தைரியம் வரும்? கடைசியில் அந்த வஞ்சிரம், கூண்டுகளை ஆட்டோவில் ஏற்றிப்போகும் வண்ணாரப்பேட்டை பாய் வீட்டுக் குழம்பில் போய்ச் சேரும். டாக்டருக்குப் பணம் சேர்ந்தது. பாய் வாடகை வாங்க மறுத்துவிட்டார்.

பணம் வந்தது, பூனை வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூண்டுக்குள் நீ வஞ்சிரத்தின் நடுத்துண்டை வைத்தாய். ஒன்று வந்து முகர்ந்தது, திரும்பி உட்கார்ந்து காலை நக்கியது. இறால் வைத்தாய், நண்டு வைத்தாய். மீன் மேட்டிலேயே பிறந்து வளர்ந்ததுக்கு மீனைக் காட்டுகிறாயே, ரவிக்கைத் துணியைக் காட்டினால் நான் கூண்டுக்குள் வருவேனா என்று கேட்டேன். நீ முறைத்தாய். பாய்தான் தெருமுனைத் தள்ளுவண்டியில் சிக்கன் பகோடா வாங்கிவந்து வைத்தார். அன்றைக்கே மூன்று கூண்டும் மூடிக்கொண்டன. கடல் மீனை விற்றுப் பிழைக்கிறவள் கோழியிடம் தோற்ற கதையை யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த பூனைக்கு அடையாளமாக இடது காது நுனியை லேசாக வெட்டிவிடுவார்கள். மயக்கத்தில் வலிக்காது என்று டாக்டர் சொல்லியும் முதல் பூனையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. நீ உன் அடிவயிற்றைத் தட்டிக் காட்டினாய். "எனக்கு அடையாளம் வவுத்துல கீது, அதுக்குக் காதுல கீது. ரெண்டு பேருக்கும் இனிமே தொல்லை இல்ல டைலரு."

ஒரே ஒருத்திதான் உனக்கு அகப்படவில்லை. ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் குடியிருந்த ஒற்றைக்கண்ணி. அவளைப் பிடிக்காமல் சாக மாட்டேன் என்றாய். பொய் சொல்லிவிட்டாய்.

ஏலம் விட்டுக்கொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்பே, உன் காலடியில் உட்கார்ந்துகொண்டே, பூனைப் பாவம்தான் பிடித்தது என்று கிசுகிசுத்தார்கள். நான் எழுந்தேன். இத்தனை வருசம் ஐஸ் தண்ணீரில் நின்று தேய்ந்த உடம்பு இது, நெஞ்சு வலிக்கிறது என்று முன்பே சொன்னபோது ஒருத்தரும் வரவில்லை, இப்போது வாயில்லாத பூனை மேல் பழி போடுகிறீர்களா என்று கேட்டேன். சாவு வீட்டில் சத்தம் போடக் கூடாது என்றார்கள். உன் சாவு வீட்டில் சத்தம் இல்லாவிட்டால் எப்படி?

காரியம் முடிந்த கையோடு தலைவர் ஆள் அனுப்பினார். வாக்குக் கேட்ட அம்மாவே போய்விட்டதால் வாக்கும் போயிற்று, அடுத்த வாரம் சாக்கு வரும் என்று சேதி. உனக்கு ஒரு வருசம் தந்திருந்தார், அதில் பாதிகூட ஆகவில்லை. செத்தவளிடம் கொடுத்த வாக்கு செத்துப்போகும் என்று எந்தக் கடற்கரையில் சட்டம்? எனக்கு வந்த கோபத்தில் ஒரு ரவிக்கைக்குக் கழுத்தையே தப்பாக வெட்டிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாய் ஒரு வஞ்சிரம் வாங்கிக் கொடுத்தார். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றேன். என் குரல் உனக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்குக்கூட எட்டாது. பூனைப் பங்கு என்று நான் கூவியதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். ஆனாலும் ஏலக் கேள்வி ஏறியது. ஏறிக்கொண்டே போனபோது தலைவர் முன்னால் வந்து, யாரும் தாண்ட முடியாத ஒரு விலை சொன்னார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்றேன். பணத்தை என் கையில் வைத்தார், மீனைத் தூக்கித் தன் ஆளிடம் கொடுத்தார்.

"துட்டு குட்த்துட்டேன், மீனு என்னுது. ஏலம் முட்ஞ்சிச்சி. வூட்டுக்குப் போம்மா."

நான் பெட்டியை விட்டு இறங்கினேன். நீயாக இருந்தால் அவரை விட்டிருக்க மாட்டாய். வெறும் கூடைதான் காலடியில் இருந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தது.

அப்போது வந்தாள் அந்த இறால்காரி. தன் கூடையில் இறாலோடு அன்றைக்கு இருந்த கொடுவா மீன்களில் பெரியதை எடுத்து என் கூடையில் போட்டாள். "இத்த வுடு" என்றாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "பாவமோ புண்ணியமோ, அவ வெச்ச மொறைய ஒர்த்தன் தூக்கிகினு போறத நான் பாத்துகினு நிக்க மாட்டேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி சங்கராவைப் போட்டாள், இன்னொருத்தி ஒரு கை மத்தி. பாவம் பேசிய அதே பெண்கள்தான். தலைவர் ஒரு மீனை எடுத்தார், கூடை நிறைந்துவிட்டது.

கூவினேன். எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று எனக்கே தெரியவில்லை. கொடுவாவை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, தலைவரே, அடுத்த கேள்வி உங்களுடையதா என்று கேட்டேன். அவர் போய்விட்டார். இதுவரை சாக்கு வரவில்லை. சங்க அறையில் கட்டாகத்தான் கிடக்கிறது, நானும் பார்த்தேன். கிடக்கட்டும். ஞாயிறுதோறும் நானும் இருப்பேன்.

இன்று காலை ஆட்டோவில் வந்தது யார் தெரியுமா? உன் ஒற்றைக்கண்ணிதான். சிக்கன் பகோடாவுக்குத்தான் விழுந்தாளாம். கூண்டைப் பிறாண்டிக்கொண்டு, பாயையும் என்னையும் உன் பாஷையிலேயே வைதுகொண்டிருந்தாள். உன் நைட்டியைப் போர்த்தினேன். கம்மென்று உட்கார்ந்துவிட்டாள்.

அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டு வந்து, போன ஞாயிறு நான் போட்டிருந்த ரவிக்கையை எடுத்துப் பார்த்தேன். அக்குளில் தையல் விட்டிருக்கிறது. நூல் நல்ல நூல்தான். ஒரு முக்கோணத் துண்டு வெட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.