முன்கூட்டியே பெயர் வெட்டிய கேடயம்

அன்புக்கும் சண்டைக்கும் உரிய என் வதனி மச்சாள்,

நீங்கள் கண்மூடி ஒன்றரை வருடமாகிவிட்டது. இங்கே டென்மார்க்கில், ஹேர்னிங்கில் எல்லோரும் சுகம். உங்கள் தம்பி வழமைபோல மழையைத் திட்டுகிறார், நான் வழமைபோல நியூயோர்க்கின் பிராட்வே நாடகக்காரரைத் திட்டுகிறேன். திருப்பித் திட்ட நீங்கள் இல்லை என்பதுதான் ஒரே வித்தியாசம்.

பிராட்வே விருது விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை, முதியோர் பராமரிப்பு இல்ல வேலைக்கு நாங்கள் இருவரும் லீவு எடுப்போமே, இந்த வருடமும் எடுத்தேன். காலைத் தேநீரோடு தனியே இருந்து பதிவைப் பார்த்தேன். பார்த்து முடிய எழும்பிய கோபம் இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருவரும் நியூயோர்க் போய்ப் பார்த்த ஒரு பகல் காட்சியில், சுகமில்லாத கதாநாயகிக்குப் பதிலாக ஒரு பெண் நடித்தாளே, ஞாபகமா? "எங்களைப் பேய்க்காட்டிப்போட்டாங்கள்" என்று முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தீர்கள். இரண்டாவது பாட்டிலேயே என் கையைப் பிடித்து அழத் தொடங்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருது விழாவிலும் அவளைத்தான் தேடினோம்.

அவளை நான் திரும்பவும் பார்த்தேன், மச்சாள். ஈஸ்டர் லீவுக்கு உங்கள் தம்பியையும் இழுத்துக்கொண்டு நியூயோர்க் போனேன். வேறு நாடகம், ஆனால் இதுவும் இன்னொருத்தி விட்டுப்போன பாத்திரம்தான். நாடகம் தொடங்கினால் குறட்டை விடுகிற உங்கள் தம்பி, அன்று கண்ணை மூடவில்லை. மகனைப் பறிகொடுத்த தாயாக அவள் கதிரை நுனியில் இருந்து, பக்கத்தில் இருப்பவருடன் கதைப்பதுபோலப் பாடினாள். கைதட்டக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

விருது யாருக்கு? முதலில் அந்தப் பாத்திரத்தில் நடித்த சினிமாக்காரிக்கு! பதினைந்து கிழமை நடித்தாள். ஒவ்வொரு பாட்டையும் உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்து நிற்பாளாம். விழா மேடையிலும் அதையேதான் செய்தாள். எங்கள் பெண்ணின் பெயர் தெரிவுப் பட்டியலிலேயே இல்லை. பாத்திரத்தை முதலில் அரங்கேற்றியவருக்குத்தான் இடமாம், பின்னால் வந்து ஏற்றவருக்கு இல்லையாம். என்ன கோதாரி விதியோ! தொலைக்காட்சியைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் உங்கள் தம்பி குளியலறையிலிருந்து ஓடி வந்தார்.

இவ்வளவு நியாயம் பேசுகிற நான் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? அதைச் சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நம் தமிழ்ச் சங்கத்தின் நாடகப் போட்டிக்கு உங்கள் இடத்தில் என்னை நடுவராகப் போட்டார்கள். ஒரு நாடகத்தில் கதாநாயகி மிதுலாவுக்கு அன்று காலை காய்ச்சல். திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க வந்த ஜெனனியை, சேலைக்கு ஊசி குத்தி மேடையில் ஏற்றிவிட்டார்கள். தாயோடுகூட டெனிஷில் கதைக்கிற பிள்ளை. வேடமும் அதற்கு ஏற்றதுதான். வைத்தியர் டெனிஷில் சொல்லும் பொல்லாத செய்தியைத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டிய மகள். வாய் திறக்குமுன் அவள் தாயின் கைப்பையை எடுத்து, திறந்திருந்த அதன் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள். அப்படி ஒரு செய்கை எழுத்தில் இல்லையாம். மூன்று நடுவர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே அவளுக்கு ஆகக்கூடிய புள்ளி போட்டிருந்தோம்.

புள்ளித்தாளைக் கொடுக்கப் போனால் தலைவர் தலையைச் சொறிகிறார்.

"அக்கா, சிறந்த நடிகை மிதுலா எண்டு ஒத்திகை பாத்தவுடனேயே கேடயத்தில பேர் வெட்டியாச்சு."

"அந்தப் பிள்ளை இண்டைக்கு நடிக்கவே இல்லையே!"

"ஓம், தெரியும். ஆனா தாய் தகப்பன் முன் வரிசையில வந்து இருக்கினம். வருசா வருசம் இப்பிடித்தானே. இந்த முறை மட்டும் சமாளியுங்கோ."

வருசா வருசம் இப்படித்தானா, மச்சாள்? நீங்கள் நடுவராக இருந்தபோதும் இதைத்தான் செய்தார்களா? உங்களால் எப்படித் தாங்க முடிந்தது? அல்லது நீங்களும் சமாளித்தீர்களா?

நான் சமாளித்தேன். ஒலிவாங்கியைப் பிடித்து "சிறந்த நடிகை, மிதுலா" என்று சிரித்துக்கொண்டே அறிவித்தேன். தகப்பன் மேடைக்கு வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு போனார். பக்கத்துத் திரையோரம் நின்று ஜெனனியும் கைதட்டினாள். அமெரிக்காவில் எவனோ போட்ட விதிக்குக் குதித்தவள், வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லப் பயந்து நின்றேன். என்னில் எனக்கே வெறுப்பு.

நேற்று பேருந்து நிலையத்தில் ஜெனனியைக் கண்டேன். கோபமாக இருப்பாள் என்று நினைத்து வேறு பக்கம் திரும்பினேன். அவளே ஓடி வந்து, தட்டுத்தடுமாறித் தமிழிலேயே கேட்டாள்.

"ஆன்ரி, ஒண்டு கேக்கவா? நான் கனக்கப் பிழை விட்டிட்டனா?"

"ஏன் பிள்ளை?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அம்மா, இனி மேடைக்குப் போகாதே எண்டு சொல்லிப்போட்டா. என்ர தமிழ் சரியில்லையாம், எல்லாருக்கும் முன்னால அவமானமாம்."

நான் வாயைத் திறக்குமுன் அவளுடைய பேருந்து வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டாள். கேடயம் கிடைக்காதது அந்தப் பிள்ளைக்குக் கவலையே இல்லை, மச்சாள். தான் நாடகத்தைக் கெடுத்துப்போட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அதை நம்பவைத்தது என்னுடைய வாய்.

சனிக்கிழமை சங்கத்தின் பொதுக்கூட்டம். அதே மண்டபம், அதே சனம். ஜெனனியின் தாயும் வருவா. தலைவர் தடுத்தாலும், மிதுலாவின் தகப்பன் முறைத்தாலும், உங்கள் தம்பி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாலும், எழுந்து நின்று சொல்வேன்: நான் பொய் சொன்னேன், அன்று சிறந்த நடிகை ஜெனனி. சொல்லி முடித்து, தாயின் முகத்தைப் பார்த்து இன்னொருமுறை சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு சண்டை பிடித்தே நாடகம் பார்க்கப் பழகிய,
உங்கள் தம்பி பெண்சாதி,
சாந்தி