உங்கள் பெயரில் என் விரல்

அக்கா,

சானிடைசர் வாசனை வந்தாலே நீங்கள் பக்கத்தில் நிற்பது போல இருக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. நெஞ்சுவலி என்று டூட்டியிலிருந்து வீட்டுக்குப் போன நீங்கள் திரும்பவேயில்லை. சிதம்பரத்தில் உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், கடலூரில் நம் ஆஸ்பத்திரி வாசலில் வருகைப்பதிவு மெஷினில் கட்டைவிரலை வைத்தேன். திரையில் உங்கள் பெயர். போட்டோவில் நீங்கள் சிரிக்கிறீர்கள். பின்னால் நின்ற ஆயாம்மா, "அய்யய்யோ, அவுங்கதான் போயிட்டாங்களே!" என்று பின்வாங்கினார்.

மெஷின் பார்க்க வந்தவர் சர்வசாதாரணமாகச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் ரேகை தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு சிஸ்டர். மெஷினுக்கு ஆள் வித்தியாசம் தெரியல. அவுங்க பேர எடுத்துரட்டுமா?"

இருக்கட்டும் என்றேன்.

தேயாமல் என்ன செய்யும்? பச்சைக் குழந்தைகள் வார்டில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயும் முன்பே அதன்மேல் சானிடைசரையும் தேய்ப்போம். கையில் அழுக்கு இருந்தால் சோப்பு, இல்லாவிட்டால் சானிடைசர், ஏதாவது ஒன்று போதும் என்று தோல் டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டார். நீங்கள் கேட்டால்தானே? "ஒண்ணுக்கு ரெண்டா கழுவுனா கொழந்தைக்கு நல்லதுதானடி" என்பீர்கள். விரல் மடிப்புகள் வெடித்து ரத்தம் கசியும். அதன்மேலேயே கையுறை மாட்டுவீர்கள். நீங்கள் பிடிவாதக்காரி, நான் உங்கள் வால்.

ஒருநாள் நடராஜர் கோயிலில் தீபாராதனைத் தட்டின்மேல் வைத்த கையை நீங்கள் எடுக்கவேயில்லை. "சூடே தெரியலடி" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெஷினில் தினமும் நீங்கள் வந்தீர்கள். முதலில் பயந்தேன். பிறகு, உங்கள் முகம் வர ஒரு நொடி தாமதமானால்தான் பயந்தேன்.

இதற்கிடையில் விரலில் சீழ் வைத்துவிட்டது. குழந்தைகளைத் தொடக்கூடாது என்று தோல் டாக்டர் என்னை வார்டுக்கு வராமல் நிறுத்தினார். வேறு வழியில்லை, அவர் சொன்னபடி கேட்டேன். ஏதாவது ஒன்றால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கிரீம் தடவினேன். சில வாரங்களில் வெடிப்பு ஆறியது, ரேகையும் வந்தது. நேற்று வார்டு வேலைக்குத் திரும்பியபோது மெஷினில் என் முகம். "இப்பதான் சிஸ்டர் உங்க மூஞ்சி வருது!" என்று ஆயாம்மா கை தட்டினார். நான் ஓரமாகப் போய் அழுதேன். உங்களை இன்னொரு முறை தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது.

இன்று வார்டில் கை கழுவிவிட்டு அப்படியே நின்றேன். துடைக்கவில்லை. ஈரக்கையில் சானிடைசரை அழுத்தினேன். எரிந்தது. தப்பென்று தெரியும் அக்கா. தெரிந்தேதான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.