எண் இல்லாத சாலை

786
ஓடைத்தோட்டம்,
எருமப்பட்டி வழி.
14.12.2024

அன்புள்ள உஷாராணிக்கு,

வஹீதுன்னிசா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். கான்வென்ட் பழைய மாணவிகள் புத்தகத்திலிருந்து உன் விலாசத்தை எடுத்தேன். அஸ்தம்பட்டிக்கு ஒரு 'த்' அதிகமாக அச்சடித்திருக்கிறார்கள். உன் போன் எண்ணும் அதில் இருந்தது. போனில் என்றால் நடுவிலேயே நீ வைத்துவிடலாம். கடிதத்தைக் கடைசி வரை படிப்பாய்.

இந்த மாதத் தொடக்கத்தில் அடித்த புயல் மழையில் கொல்லிமலைத் தண்ணீர் முழுவதும் எங்கள் ஓடை வழியாகத்தான் இறங்கியது. என் மாமனார் கட்டிய தரைப்பாலம் போய்விட்டது. விரிசல் விட்டது என்று நினைக்காதே, இருந்த இடமே தெரியவில்லை. இந்தப் பக்கம் நாற்பத்தொரு வீடுகள் இருக்கின்றன. பால் கேன்களைத் தலையில் வைத்துத் தண்ணீரில் இறங்குகிறார்கள். என் வீட்டில் வேலை செய்யும் செல்லாயியின் கணவர் சுவாமிநாதனுக்குச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் நாமக்கல்லில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக் கடக்கிறார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "நாலு பேரு தூக்கறதுக்கு இப்பவே ஒத்திகை பாத்துக்கறனுங்கம்மா" என்றார். தூக்கியவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேதத்தை அளக்க ஒன்றிய ஓவர்சியர் வந்தார். அவரிடம் மனு கொடுத்தேன், ஒரு பிழை இல்லாமல். 'எங்கள் குடும்பத்தார் 1961இல் எங்கள் நிலத்தில், எங்கள் செலவில் கட்டிய எங்கள் பாலம்' என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு, ஓரத்தில் 'தனியார் பாதை' என்று எழுதி, பட்டியலில் சேர்க்காமல் போய்விட்டார்.

நீ முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றிய அலுவலகக் கோப்புகளோடு இருந்தவள். அரசாங்கம் இதற்கெல்லாம் எப்படித்தான் பணம் ஒதுக்குகிறது? நான் யாருக்கு எழுத வேண்டும்?

இப்படிக்கு,
வஹீதுன்னிசா


அஸ்தம்பட்டி,
சேலம்.
20.12.2024

மதிப்பிற்குரிய திருமதி வஹீதுன்னிசா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலம் என்று அறிந்தேன். நானும் முட்டிவலி தவிர நலம்.

ஓவர்சியர் செய்தது விதிப்படி சரியே. புயல், வெள்ளம் வந்தால் மாவட்டம் முழுவதும் சேதப் பட்டியல் எடுப்பார்கள். அது சென்னைக்குப் போகும், அங்கிருந்து டெல்லிக்கும் போகும். பேரிடர் நிதி என்பது முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது. மத்திய அரசு முக்கால் பங்கும் மாநிலம் கால் பங்கும் அதில் போடுகின்றன. அதிலிருந்து சாலைக்குக் கொடுப்பது வண்டி போகும் அளவுக்கு வழியைத் திறந்துவிட மட்டுமே. உடைப்பை அடைக்கலாம், ஜல்லி கொட்டலாம், சிமெண்ட் குழாய் பதிக்கலாம். பழையதைவிட உறுதியான பாலம் கட்ட அதில் இடம் இல்லை. நிரந்தர வேலைக்கு மாநிலம் தன் பட்ஜெட்டில்தான் பணம் தேட வேண்டும்.

இரண்டுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான். ஒன்றியத்தின் சாலைப் பதிவேட்டில் அந்தச் சாலைக்கு எண் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தங்கள் சாலைக்கு இல்லை. நிலம் இன்னும் தங்கள் பெயரில் பட்டாவாக இருக்கிறது. எண் இல்லாத சாலை எந்தப் புயலில் போனாலும் கோப்பில் அது போனதாக ஆகாது.

மனுவில் நான்கு இடத்தில் 'எங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் படிக்கிற அதிகாரி கிடையாது. நாற்பத்தொரு வீட்டாரும் கிடையாது. இலக்கணம் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண் ஏன் இல்லை என்பதும் தங்களுக்குத் தெரியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஆ. உஷாராணி


786
ஓடைத்தோட்டம்.
26.12.2024

அன்புள்ள உஷா,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு எழுதும் சொல்லா அது? சிஸ்டர் ஆக்னஸ் பார்த்திருந்தால் உன்னை வராந்தாவில் நிறுத்தியிருப்பார்.

எண் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் கேட்டிருக்க மாட்டேன். ரொம்ப வருடத்துக்கு முன்னால் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு தானப் பத்திரத்தின் வரைவு வந்தது. சாலை நிலத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். என் கணவர் சம்மதித்தார். எனக்கும் மறுப்பில்லை. ஆனால் தாள் முழுவதும் பிழை, என் பெயரே தப்பாக இருந்தது. திருத்தித் திருப்பி அனுப்பினேன். சுத்தப் பிரதி எடுத்து அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. அனுப்பவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நான் என்ன செய்ய?

உன் நிதி விவகாரமும் எனக்கு விளங்கவில்லை. குழாய் போடப் பணம் உண்டு, பாலம் கட்டப் பணம் இல்லையென்றால் அடுத்த மழைக்குக் குழாயும் போகும், அதற்கு அடுத்த வருடம் மறுபடி குழாய் போடுவார்கள். வீட்டுக் கூரை போனவனுக்கு வருடா வருடம் தார்ப்பாய் கொடுப்பது போல இருக்கிறது.

சுவாமிநாதனுக்குச் சனிக்கிழமை ஓடையில் தண்ணீர் அதிகம் என்று ஒரு நாள் தவறிவிட்டது. ஞாயிறு முழுவதும் கால் வீங்கி, மூச்சு வாங்கிக் கிடந்தார். இனி ஒரு நாளும் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பதினொரு வருடமாகக் கேட்காமல் இருந்தேன். என் கணவர் மௌத்தானபோது கான்வென்ட் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். நீ வரவில்லை.

அன்புடன்,
வஹீதா


அஸ்தம்பட்டி.
2.1.2025

அன்புள்ள வஹீதா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழியும், மெதுவாகப் பிரி. 1996இல் நீ திருப்பி அனுப்பிய தாள் அதுதான். பதினொரு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாய். அடியில், 'இதைத் தட்டச்சு செய்தவர் மீண்டும் ஐந்தாம் வகுப்பில் சேர்வது நலம்' என்று எழுதியிருக்கிறாய். இடது ஓரம், கடைசி வரியைப் பார். 'ஆ.உ.ரா.' என்று சின்னதாக இருக்கும். தட்டச்சு செய்தவள் நான்.

அந்த வருடம்தான் என்னை எருமப்பட்டிக்கு மாற்றியிருந்தார்கள். சாலைப் பதிவேட்டைப் புரட்டியபோது உன் ஊர்ச் சாலை அதில் இல்லாததைக் கண்டேன். யாரும் கேட்காமல் நானே கோப்பைத் தொடங்கினேன். எண் வந்த பிறகு உன் வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். மிஷினில் 'ஹ' எழுத்து உடைந்திருந்தது. அதனால்தான் உன் பெயர் 'வகிதுன்னிசா' ஆனது. மற்றவை என் பிழைகள்தான், அவசரத்தில் அடித்தேன். உன் தாளை ஆணையர் கூட்டத்தில் எல்லோர் முன்பும் வாசித்துக் காட்டினார். இரண்டு மாதம் அலுவலகத்தில் என்னை 'அஞ்சாங்கிளாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். சுத்தப் பிரதி எடுக்க வேண்டிய பொறுப்பு என்னுடையதுதான். நான் எடுக்கவில்லை. கோப்பை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, இந்தத் தாளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது என் தப்பு. சுவாமிநாதனைப் பற்றி நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை.

உன் கணவர் மௌத்துக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடை வரைக்கும் வந்தேன். அந்தப் பக்கம் உன் வீட்டு வாசலில் கூட்டம் தெரிந்தது. பாலத்தில் கால் வைக்க மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புயலுக்கு முன் எண் இல்லாததால் நிவாரண நிதி இனி கிடைக்காது. அதை விட்டுவிடு. இருபதாம் தேதிக்குள் நிலத்தைத் தானப் பத்திரமாகப் பதிவு செய். இருபத்தாறாம் தேதி கிராம சபையில் சாலையை ஏற்றுக்கொண்டதாகத் தீர்மானம் வாங்கு. தீர்மானம் இருந்தால் ஒன்றியம் தன் பொது நிதியில் குழாயாவது பதிக்கலாம். மார்ச்சில் மாநில பட்ஜெட் வரும். அதில் உன் ஓடையின் பெயர் இருக்காது, கிராமச் சாலைகளுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை இருக்கும். அது மாவட்டம், ஒன்றியம் என்று பிரிந்து வரும்போது எண் உள்ள சாலைதான் வரிசையில் நிற்க முடியும்.

அன்புடன்,
உஷா


786
ஓடைத்தோட்டம்.
9.1.2025

உஷா,

தாள் கிடைத்தது. மூன்று நாள் மேஜை மேலேயே கிடந்தது. முதலில் உனக்கு ஒரு பதில் எழுதினேன். பிழையைத் திருத்துவது குற்றமா என்று கேட்டிருந்தேன். தபாலில் சேர்க்கவில்லை.

செல்லாயியிடம் விஷயத்தைச் சொன்னேன், அந்த மனுவைப் பற்றியும். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்க பாலம்னா எழுதுனீங்க? நம்ம பாலம்னுல்லீங்கம்மா நாங்க சொல்லீட்டிருந்தோம்" என்றாள். மீதிப் பாத்திரங்களைக் கழுவினாள். அவ்வளவு சத்தமாகக் கழுவி நான் கேட்டதில்லை.

பத்திரம் எழுதச் சொல்லிவிட்டேன். என் மகன் ஃபர்ஹான் சென்னையிலிருந்து போன் செய்து, நிலத்துக்கு மதிப்புப் போட்டுப் பார்த்தாயா அம்மா என்றான். உன் தாத்தா மதிப்புப் பார்த்தா கட்டினார் என்று கேட்டேன்.

சாலைக்கு மாமனார் பெயர் வைக்கச் சொல்லி நிபந்தனை எழுதலாமா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வஹீதா


அஸ்தம்பட்டி.
13.1.2025

அன்புள்ள வஹீதா,

நிபந்தனை எழுதினால் அந்த ஒரு வரிக்காகக் கோப்பு ஆறு மாதம் சுற்றும். எழுதாதே. ஊர் எப்படியும் 'சாயபு பாலம்' என்றுதான் சொல்லும். நான் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒன்றியத்துக்குக் கொடுக்க வேண்டிய மனுவை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் செய். பென்சிலில் செய்.

பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் கரும்பு கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நீ என் கரும்பையும் சேர்த்துத் தின்றது நினைவு வந்தது. இப்போது என் பல்லுக்கு அது ஆகாது. உனக்கு ஆகுமென்றால் பொறாமைப்படுவேன்.

உஷா


786
ஓடைத்தோட்டம்.
22.2.2025

அன்புள்ள உஷா,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நீ குறை சொல்வாய்.

ஜனவரி இருபதாம் தேதி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஓடையில் இன்னும் முழங்கால் அளவு தண்ணீர், அடியில் பாசி. இந்த வயதில் நான் நடந்து கடக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். கால் மணி நேரம் கரையில் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். சுவாமிநாதன் கரைத் திண்டில் உட்கார்ந்துகொண்டு, "கெட்டியாப் புடிச்சுக்கங்க சாமி. தெனைக்கும் போற சேரு, வழி அதுக்கே தெரியுமுங்க" என்றார். இந்த முறை நானும் சிரித்தேன். நடு ஓடையில் சிரித்ததில் செருப்பு ஒன்று போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு போய்த்தான் தானம் கொடுத்தேன்.

பத்திரத்தில் என் பெயரை 'வகீதுநிஷா' என்று அடித்திருந்தார்கள். தந்தை பெயரில் ஒரு துணைக்கால் குறைந்திருந்தது. 'மனப்பூர்வமாக' என்பதில் 'ப்' இல்லை. எழுத்தர் ஒரு சின்னப் பெண். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. ஆதாரில் என் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அடித்தாளாம். சரிம்மா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் போட்டேன்.

கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. உன் மனுவைத் தலைவர் வாசித்தார். 'நமது ஊரின் தரைப்பாலம்' என்று வந்தபோது செல்லாயி திரும்பி என்னைப் பார்த்தாள். மனுவில் நான் எதையும் திருத்தவில்லை. பென்சிலைச் சீவி வைத்ததோடு சரி.

போன வாரம் பொது நிதியில் நான்கு சிமெண்ட் குழாய் பதித்து, மேலே ஜல்லியும் மண்ணும் போட்டார்கள். நிரந்தரப் பாலத்துக்கு மதிப்பீடு போட்டிருப்பதாக ஓவர்சியர் சொன்னார். பட்ஜெட் வந்து, அது பிரிந்து, இந்தப் பக்கம் வருவதற்கு ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகலாம். நான் காத்திருப்பேன். சாலைக்கு எண் வந்துவிட்டது. எண் கல்லில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. சுவாமிநாதன் இப்போது ஆட்டோவிலேயே போகிறார். நாற்காலியை என் வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

உன் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அகராதி, பத்திர எழுத்தர் சங்கத்துப் புத்தகம் எல்லாம் வைத்துக்கொண்டு பதினொரு வட்டத்தையும் மறுபடி பார்த்தேன். ஒன்பது பிழைதான். அதில் நான் இறங்கி வர மாட்டேன். மற்ற இரண்டும் பிழை இல்லை.

'நான்கு எல்கை' என்று நீ அடித்திருந்தாய். அதை வெட்டி 'எல்லை' என்று எழுதியிருக்கிறேன். பத்திரத்தில் எல்கை என்பதுதான் வழக்கு என்று இப்போது தெரிகிறது. எழுதியவள் நீ, தெரியாமல் வட்டம் போட்டவள் நான்.

அடுத்தது, 'நமது ஊராட்சிக்கு' என்று அடித்திருந்தாய். அதை நான் 'தங்களது' என்று திருத்தியிருக்கிறேன்.

சிவப்பு மையை அழிக்க முடியவில்லை. அதனால் அந்த இரண்டு இடத்திலும் பச்சை மையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது என்று சொல்வாய். இருக்கட்டும். அடியில் இருந்த ஐந்தாம் வகுப்பு வரியைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். அது என்னிடமே இருக்கட்டும்.

குழாய் மேல் கார் நன்றாகவே வருகிறது. பஸ்ஸில் வந்தாலும் நடந்து கடக்கலாம், கால் நனையாது. மழைக்காலத்துக்கு முன் வந்துவிடு. இந்த முறை அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பாதே. நான் இந்தக் கரையில் அந்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

உன்,
வகிதுன்னிசா