சிவப்பு அட்டையைத் தொடாதீங்க

ஏங்க,

டேட்டா சென்டருக்குக் கிளம்பிட்டேன். இன்னிக்கு சில்லர், அதான் அந்தக் குளிர்விக்கிற மெஷினை ஓட்டிக் காட்டி நான்தான் கையெழுத்துப் போடணும். களி கிண்டி வச்சிருக்கேன், குழம்பைச் சுட வச்சுக்கோங்க.

சமையல்கட்டுக் குழாய் விரிசல்னுதானே மாடி டேங்க் வால்வை மூடி, "திறக்காதே"ன்னு சிவப்பு அட்டை மாட்டினேன்? தளியிலிருந்து உங்க அண்ணன் வர்றாரு, அசிங்கமா இருக்குன்னு அதைக் கழட்டி வீசிட்டீங்க. அவரும் தெரியாம வால்வைத் திறந்துட்டாரு. அரிசி மூட்டையே நனைஞ்சு போச்சு. எங்க சைட்ல அட்டையை மாட்டினவங்கதான் கழட்டணும். வேற யாராவது கழட்டினா, பைப்புக்குள்ள கை விட்டிருக்கிறவன் உயிரே போயிடும்.

பதினொரு மணிக்கு பிளம்பர் மாரிசாமி வருவாரு, கூடவே நில்லுங்க.

நேத்து நான் தரையைத் துடைக்கும்போது அண்ணன்கிட்ட சொன்னீங்களே, "அடுத்த மாசம் அனு வேலையை விட்டுடுவா"ன்னு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

அனுப்ரியா

குடத்துல தண்ணி பிடிச்சு வச்சிருக்கேன்.

வால்வுல புது அட்டை மாட்டியிருக்கேன். பிளம்பர் முடிச்சாலும் தொடாதீங்க, நான் வந்து பார்த்துட்டுக் கழட்டுறேன். என் கழுத்துல தொங்குற ஐடி கார்டும் அப்படித்தான். மாட்டினது நான்.