டோக்கியோவில் அம்மாவின் குரல்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒசாகாவில் குளிர் விட்டதா? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். விரலில் சின்னச் சூட்டுக்காயம், அவ்வளவுதான்.

இசைத்தட்டின் மெல்லிய ஒலியைப் பெருக்குவதற்காக நானே கட்டிய வால்வு ப்ரீ-ஆம்ப் ஒருவழியாகப் பேசியது. முதலில் வெறும் இரைச்சல். ஈயம் வைத்துப் பற்றவைத்ததையெல்லாம் பிரித்து மறுபடி வைத்ததும் அடங்கியது. நம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளேயரில், கல்யாணத்துக்கு முன் நீங்கள் பாடிய தட்டைப் போட்டேன். ஆண்குரல் வந்தது! வால்வை மாற்றினேன், திரும்பவும் பிரித்தேன். அதே ஆண். எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறன்று வந்த அலுவலகத் தோழி இகுயோ கேட்டாள்: “யாருடி இந்தப் பாட்டுக்காரர்?”

“எங்க அம்மா.”

“அட போடி! பிளேயர் உங்க ஊர்லேர்ந்து வந்ததுதானே? அங்க கரண்ட் நொடிக்கு அறுபது சைக்கிள், இங்க ஐம்பது. மோட்டார் மெதுவாத்தான் சுத்தும், குரலும் தடிச்சுடும். பாவம், ப்ரீ-ஆம்பைப் போட்டு ஏன் குடையறே?”

பள்ளியில் படித்ததுதான். இத்தனை வாரமும் குற்றமில்லாததைத் தண்டித்திருக்கிறேன்.

அப்பாவின் கருவிப் பெட்டியில், மோட்டாரில் மாட்டும் சின்னப் பித்தளை உருளை இருக்கும். ஐம்பது என்று பொறித்திருக்கும்; அதை மாட்டினால் இங்கேயும் தட்டு சரியான வேகத்தில் சுற்றும். அதை மட்டும் அனுப்புங்கள். சரி, கொஞ்சம் உமெபோஷி ஊறுகாயும் வையுங்கள். தொலைபேசியில் பாடச் சொன்னால் வெட்கப்பட்டு வைத்துவிடுகிறீர்கள். இந்த அறையில் உங்கள் குரலைக் கேட்க எனக்கு வேறு வழியில்லை.

அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
மசாயோ