கேட்டவர்களுக்கு மட்டும்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். அம்பத்தூரில் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி தேவலையா?

எங்கள் பம்பு கம்பெனி மெயில்கள் எல்லாம் ஸ்பேம் என்கிற குப்பைப் பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. முதலாளி யாரிடமோ வாங்கிய முகவரிகளுக்கெல்லாம் விலைப்பட்டியல் அனுப்பியதுதான் காரணம். அந்த முகவரிகளை அழித்துவிட்டு, விலை கேட்டவர்களுக்கு மட்டும் பெயர் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினேன். "இன்னாம்மா, இப்டி ஒண்ணொண்ணா அனுப்பிகினு இருந்தா எப்போ விக்கிறது?" என்று முதலாளி சத்தம் போட்டார். நான் விடவில்லை. மெயில் வேண்டாம் என்று எழுதியவர்களை முகவரிப் பட்டியலிலிருந்து அன்றே நீக்கினேன். இப்போது மெயில்கள் ஒழுங்காகச் சேர்கின்றன. நேற்று முதலாளியே டீ வாங்கிக் கொடுத்தார்.

இங்கே மழை. அலமாரிமேல் இருக்கும் என் குடையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்; அதோ பஸ் வந்துவிட்டது, ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் வேலைக்கு வந்ததிலிருந்து என் கடிதம் எதற்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. வேண்டாம் என்றாவது எழுதுங்கள், அப்பா. உங்களை மட்டும் நீக்கமாட்டேன்.

அகல்யா